தடுப்பூசி போட்டவர்கள் முகக்கவசத்தைக் கழற்றியது ஏன்?

கேள்வி இது: "இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், இனி நமக்கு ஒன்றும் ஆகாது என்ற துணிச்சலில் முகக்கவசத்தைக் கைவிட்டார்கள் என்றும், அதனால்தான் கொரோனா மறுபடி பரவியது என்றும் பலர் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? இன்னொரு பெருந்தொற்று வந்தால் மக்களை மீண்டும் முகக்கவசம் அணியவைக்க முடியுமா?"

முதல் பகுதிக்கு என் பதில்: பெரும்பாலும் உண்மை இல்லை. சிலர் அப்படிச் செய்தார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முகக்கவசம் ஊரை விட்டுப் போனதற்குத் தடுப்பூசியைக் காரணமாக்கினால், நடந்த நிகழ்வுகளின் வரிசையே குழம்பிவிடும். தமிழ்நாட்டில் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தாலே இது விளங்கும்.

இந்தியாவில் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கும், பிப்ரவரியில் காவலர், தூய்மைப் பணியாளர் உள்ளிட்ட முன்களப் பணியாளர்களுக்கும் போடப்பட்டது. 60 வயது கடந்தவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 வயது கடந்தவர்களுக்கும் மார்ச் 1 அன்றுதான் வழி திறந்தது. அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் நம் கடைத்தெருக்கள், திருமண மண்டபங்கள், பேருந்துகள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். மாநிலத்தின் தினசரித் தொற்று எண்ணிக்கை 500ஐ ஒட்டி இறங்கியிருந்தது. முகக்கவசம் ஏற்கெனவே தாடைக்கும் சட்டைப் பைக்கும் போய்விட்டது. அதைக் கழற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி மருந்துக் குப்பியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலுக்கான பரப்புரைக் கூட்டங்களில் தோளோடு தோள் உரசி நின்ற கூட்டத்திலும் நிலைமை இதுவே. கூட்டங்களைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று தேர்தல் ஆணையத்தைக் கடுமையாகக் கண்டித்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டின் ஒரு நாள் தொற்று 36,184 என்ற உச்சத்தைத் தொட்டது. ஆக, முகக்கவசம் முதலில் போனது. தடுப்பூசி பரவலானது அதற்குப் பிறகு. பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

"பாதுகாப்பு கூடினால் துணிச்சலும் கூடும்" என்ற வாதம் புதியதன்று. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல், காரில் இருக்கைப் பட்டை போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கினால் ஓட்டுநர்கள் இன்னும் வேகமாக ஓட்டி அந்தப் பலனை அழித்துவிடுவார்கள் என்று வாதிட்டார். கேட்கும்போது நியாயமாகப் படுகிற வாதம் அது. ஆனால் இருக்கைப் பட்டை உயிர்களைக் காப்பாற்றுவதைப் பிற்கால அனுபவம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது. 2020இல் இதே வாதம் முகக்கவசத்துக்கு எதிராகவும் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொதுமக்கள் முகக்கவசம் அணிவது பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தரக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது. ஜூன் 5 அன்றுதான் அந்நிறுவனம் தன் நிலையை மாற்றி, தொற்று பரவியுள்ள இடங்களில் பொதுமக்களும் அணியலாம் என்று பரிந்துரைத்தது. அந்தத் தயக்கத்தில் கழிந்த வாரங்களை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நிறுவப்படாத ஓர் அச்சத்துக்காக, கையில் இருந்த எளிய கருவியை உலகம் தள்ளிவைத்திருந்தது.

அந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு வங்கதேசத்தில் நடந்தது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்களில், ஏறத்தாழ 3.42 லட்சம் பெரியவர்களிடையே நடந்த ஆய்வு அது. பாதிக் கிராமங்களில் முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்து, அணியும்படி தொடர்ந்து ஊக்கப்படுத்தினார்கள். மற்றக் கிராமங்களை இயல்பாக விட்டுவிட்டார்கள். முறையாக முகக்கவசம் அணிந்தவர்கள் இயல்பாக விடப்பட்ட ஊர்களில் 13 சதவீதம். ஊக்கப்படுத்திய ஊர்களில் 42 சதவீதம். அப்படியானால் அணிந்தவர்கள் துணிச்சல் கொண்டு நெருங்கி நின்றார்களா? இல்லை. இடைவெளி விட்டு நிற்பவர்களின் விகிதமும் இயல்பாக விடப்பட்ட ஊர்களில் 24 சதவீதம், ஊக்கப்படுத்திய ஊர்களில் 29 சதவீதம். ஒரு பாதுகாப்பைக் கைக்கொண்டவர் இன்னொன்றையும் கைக்கொள்ளவே முனைந்தார்.

தடுப்பூசிக்கும் முகக்கவசத்துக்கும் இடையில் நான் கண்ட உறவும் இதுதான். முகாமுக்குத் தாமாக முதலில் வந்தவர்கள் முகக்கவசத்தோடு வந்தார்கள். "ஊசியும் வேண்டாம், மாஸ்க்கும் வேண்டாம், நமக்கெல்லாம் வராது" என்று சொன்னவர்கள் இரண்டையும் சேர்த்தே மறுத்தார்கள். நோயைப் பற்றிய அச்சம், அரசின் மீதும் மருத்துவர் மீதும் உள்ள நம்பிக்கை, அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள் என்ற கவனம் ஆகிய மூன்றும் இரண்டு செயல்களுக்கும் பொதுவான வேர்கள். வேர் ஒன்றாக இருக்கும்போது ஒரு கிளை மற்றொன்றை வெட்டுவதாகச் சொல்வது பொருந்தாது.

ஆனால் வேர் ஒன்றானாலும் இரண்டு செயல்களின் இயல்பு வேறு. உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தடுப்பூசி என்பது ஒரு நாள் எடுக்கும் முடிவு. தயங்கித் தயங்கி, மகன் வற்புறுத்தி, பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு வர, ஒரு காலை நேரத்தில் போய்ப் போட்டுக்கொண்டால் அது உடலுக்குள் போய்த் தன் வேலையைச் செய்யும். மறுநாள் மனம் மாறினாலும் ஊசி மாறாது. முகக்கவசம் அப்படியன்று. வீட்டை விட்டு இறங்கும்போது, பேருந்தில் ஏறும்போது, தேநீர்க் கடையில், அலுவலகத்தில், வியர்வை வழியும்போது, மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும்போது என்று ஒரே நாளில் நூறு தடவை எடுக்க வேண்டிய முடிவு அது. நூற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், பேசும்போது குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பேசுகிற வழக்கம் நம்மிடம் பரவலாக இருந்தது. வாயிலிருந்து நுண்துளிகள் மிகுதியாக வெளிப்படுவது பேசும்போதுதான். மௌனமாக இருக்கும்போது மூடி, பேசும்போது திறந்த முகக்கவசம் யாருக்கும் பயன்படவில்லை.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, தடுப்பூசி விஷயத்தில் மக்கள் நடத்தை எப்படி மாறியது என்று பாருங்கள். 2021 ஏப்ரல் நடுவில் தமிழ்நாட்டில் தடுப்பூசி இருந்தது, ஆட்கள் வரவில்லை. அந்த மாதம் வெளியான தகவல் உரிமைச் சட்டப் பதில்களின்படி, மாநிலத்தில் வீணான தடுப்பூசி 12 சதவீதத்தைத் தாண்டி, நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு ஊக்கமூட்டுவதற்காகவே சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும், மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்று அந்த ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எத்தனை குடும்பங்கள் "விவேக்குக்கே இப்படி ஆச்சே" என்று பின்வாங்கின! அவர்களை அறியாமை என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. தாம் நேசித்த ஒரு மனிதரின் மரணத்துக்குக் காரணம் தேடிய மனத்துக்கு, விடை கையில் கிடைக்க ஆறு மாதம் ஆனது என்பதே நம் அமைப்பின் குறை.

மே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. தெருவில் ஒருவராவது ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த அந்த நாட்களில், ஊசியைப் பற்றிய அச்சத்தை நோயைப் பற்றிய அச்சம் வென்றது. விடியற்காலையிலேயே வரிசை நின்றது. ஊசி தீர்ந்துபோய்த் திரும்பியவர்கள் ஏராளம். மக்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்து நடப்பதில்லை, தம் தெருவைப் பார்த்தே நடக்கிறார்கள் என்பதை அந்த மாதம் எனக்குக் கற்றுத் தந்தது. ஆனால் தெருவில் தெரிகிற நோய், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு தொற்றியது. அதைப் பார்த்து முகக்கவசத்தைத் தேடுகிறவர் எப்போதும் அந்த அளவுக்குத் தாமதமாகவே தேடுகிறார்.

அதன் பிறகு அரசு செய்தது ஒரு நாள் முடிவை எளிதாக்குவது. அதைச் சிறப்பாகவே செய்தது. 2021 செப்டம்பர் 12 அன்று முதல் மெகா முகாமில், 20 லட்சம் பேர் என்ற இலக்கைத் தாண்டி 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஞாயிறுதோறும் நடந்த முகாமில் சிலர் தயங்கியதற்குக் காரணம், ஊசி போட்டால் அன்றைக்கு இறைச்சி சாப்பிடக் கூடாது, மது அருந்தக் கூடாது என்ற எண்ணம். சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் இதை வெளிப்படையாகவே சொல்ல, அக்டோபர் 23 அன்று 6ஆவது முகாம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. மக்களைத் திட்டாமல் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை மதித்து நாளை மாற்றிய அந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சென்னையை அடுத்த கோவளம் மீனவர் கிராமத்தில் தன்னார்வலர்கள் ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணியும் தங்கக் காசு போன்ற குலுக்கல் பரிசுகளும் அறிவித்தபோது, தயங்கிக் கொண்டிருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் முடிவுக்குப் பரிசு உதவும்.

நூறு முறை முடிவுக்கு அது உதவவில்லை. வங்கதேச ஆய்வில் கிராமத்துக்குப் பரிசு, கைபேசிக் குறுஞ்செய்தி, வாக்குறுதி வாங்குதல் எனப் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். எதுவும் கூடுதல் பலன் தரவில்லை. பலன் தந்தது நான்கும் சேர்ந்த ஏற்பாடு: வீடு தேடி இலவசமாகக் கொடுத்தது, ஏன் அணிய வேண்டும் என்று விளக்கியது, ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் இமாம்களும் தாமே அணிந்து காட்டியது, சந்தையிலும் தெருவிலும் ஒருவர் நின்று, அணியாதவரைப் பார்த்து மரியாதையாக நினைவூட்டி, இல்லாதவருக்கு ஒன்றைக் கையில் கொடுத்தது. இவற்றில் கடைசியானதை விட்டுவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் 2020இல் ரேஷன் கடைகள் வழியாக ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசங்கள் கொடுத்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் கொடுத்ததோடு நின்றது. தெருவில் நினைவூட்ட ஆள் இல்லை. அந்த இடத்தில் அபராதம் வந்து உட்கார்ந்தது. முதலில் 200 ரூபாய், 2022 ஜனவரியில் 500 ரூபாய். அபராதம் என்ன செய்யும் என்பதை இருசக்கர வாகனத்தின் தலைக்கவசம் நமக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. காவலர் நிற்கும் சிக்னலில் அது தலையில் இருக்கும், தாண்டியதும் கைக்கு வந்துவிடும். முகக்கவசமும் அப்படியே காவலரைக் கண்டு மூக்குக்கு ஏறியது, கடந்ததும் தாடைக்கு இறங்கியது.

இனி, தடுப்பூசி போட்ட பின்னும் முகக்கவசம் எதற்கு என்ற நியாயமான கேள்விக்கு வருகிறேன். கையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைய உண்டாக்குகிறது. மூக்கின் உட்சவ்வில் அவ்வளவாக உண்டாக்குவதில்லை. எனவே வைரஸ் மூக்கில் குடியேறிச் சில நாள் பெருகலாம்; நுரையீரலுக்கு இறங்கும்போது தடுக்கப்படுகிறது. போட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், ஆனால் அந்தச் சில நாட்களில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த வழியை அடைப்பது முகக்கவசம். உயிர் காப்பதில் தடுப்பூசியின் வலிமைக்குத் தமிழ்நாட்டுக் காவல் துறையே சான்று. 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை 1,17,524 காவலர்களின் தரவை ஆராய்ந்தபோது, ஊசி போடாத 17,059 பேரில் 20 பேரும், ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேரும், இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேரும் கொரோனாவால் இறந்திருந்தனர். இரண்டு தவணை மரணத்தை ஏறத்தாழ 95 சதவீதம் தடுத்தது என்பது கணக்கு. ஆனால் தொற்றைத் தடுப்பது வேறு. டெல்டா வகைக்கு எதிராக ஒற்றைத் தவணை, நோய்க்குறி உள்ள தொற்றை ஏறத்தாழ 30 சதவீதமே தடுத்தது என்று பிரிட்டன் தரவு காட்டியது. நம் ஊரில் கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு இடையிலான காலத்தை 2021 மே 13 அன்று 12 முதல் 16 வாரங்களாக நீட்டியிருந்தார்கள். ஒரு தவணையோடு மூன்று நான்கு மாதம் காத்திருந்தவருக்கு முகக்கவசம்தான் அந்த இடைவெளியின் பாதுகாப்பு. இதை அன்று தடுப்பூசி முகாம்களில் உதவிக்கு நின்ற நாங்கள் போதிய அளவு சொல்லவில்லை.

சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் அதே நாளில் நடந்தது இன்னொரு சான்று. 2021 மே 13 அன்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் பெரும்பாலான உள்ளரங்குகளிலும் முகக்கவசம் அணிய வேண்டியதில்லை என்று அறிவித்தது. கடைக்குள் வருகிறவர் போட்டவரா போடாதவரா என்று யார் பார்ப்பது? முகக்கவசம் இல்லாமல் வருவது எல்லாருக்கும் வழக்கமானது. ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் பெருங்கூட்டங்களுக்குப் பின் 469 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அவர்களில் 346 பேர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள். ஜூலை 27 அன்று அந்த மையம் தன் அறிவிப்பை மாற்றி, தொற்று மிகுந்த பகுதிகளில் போட்டவர்களும் உள்ளரங்குகளில் அணிய வேண்டும் என்றது. அங்கே முகக்கவசத்தைக் கழற்றவைத்தது ஊசி அன்று. கழற்றலாம் என்ற அறிவிப்பு.

அந்த 346 என்ற எண்ணைக் காட்டி "தடுப்பூசி போட்டவர்களுக்கே அதிகம் வருகிறது" என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் செய்தி பரவியது. அதில் உள்ள பிழை எளியது. ஓர் ஊரில் 1,000 பேர். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாதவர்களில் 100க்கு 10 பேரும், போட்டவர்களில் 100க்கு 2 பேரும் மருத்துவமனைக்குப் போனால், படுக்கையில் இருப்பவர்களில் போட்டவர் 18, போடாதவர் 10. எண்ணிக்கையில் போட்டவர்கள் கூடுதல். ஆனால் போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ப்ராவின்ஸ்டவுனில் கண்டறியப்பட்ட அந்த 469 பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 5 பேர் மட்டுமே. ஒருவரும் இறக்கவில்லை என்பதை அந்தச் செய்திகள் சொல்லவில்லை.

முகக்கவசத்தின் பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. வங்கதேசத்தில் அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் வகை முகக்கவசம் கொடுத்த ஊர்களில், நோய்க்குறியோடு கூடிய, ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயது கடந்தவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. துணி முகக்கவச ஊர்களில் தெளிவான பலன் காணப்படவில்லை. 11 சதவீதம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அது எல்லாரும் அணிந்ததால் கிடைத்ததன்று, 10 பேரில் கூடுதலாக 3 பேர் அணிந்ததால் கிடைத்தது.

மறுபடி முடியுமா என்றால், முடியும். ஆனால் அபராதத்தால் அன்று. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் நீங்கியதும் முகக்கவசம் ஒரே வாரத்தில் மறைந்தது. அதே மாதம் சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று கூடியதும் 500 ரூபாய் அபராதம் திரும்பி வந்தது. முகக்கவசம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஆண்டு முழுவதும், எல்லா இடத்திலும், எல்லாரும் அணிய வேண்டும் என்று கேட்டால் எந்த ஊரும் களைத்துப்போகும். மருத்துவமனைக் காத்திருப்பு அறை, கூட்டமான பேருந்து, முதியவர் இருக்கும் வீடு என்று இடத்தைச் சுருக்கி, இத்தனை வாரம் என்று காலத்தைச் சுருக்கி, தொற்று தெருவில் தெரிவதற்கு முன்பே கேட்டால் ஊர் ஒத்துழைக்கும் என்றே நம்புகிறேன். கொடுப்பது துணியாக இல்லாமல் நல்ல தரமான முகக்கவசமாக இருக்க வேண்டும். அதை அணிந்து காட்டுபவர் அமைச்சர் முதல் நியாய விலைக் கடை ஊழியர் வரை இருக்க வேண்டும்.

நான் உதவிக்கு நின்ற ஒரு முகாமில், ஊசி போட்டுக்கொண்ட மூதாட்டி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முகக்கவசத்தை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊசி போட்டாச்சு, இனிமே கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அதில் துணிச்சல் எதுவும் இல்லை. ஓராண்டுக் களைப்பு இருந்தது. ஊசிக்குப் பின் அனைவரும் 30 நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை மணி நேரத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போடச் சொன்னோம், அடுத்த தவணைத் தேதியைச் சொன்னோம், சான்றிதழ் கைபேசிக்கு வரும் என்றோம். முகக்கவசத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கையில் புதிதாக ஒன்றைக் கொடுக்கவும் இல்லை. அடுத்த முறை அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய முகக்கவசங்களும், "இன்னும் கொஞ்ச நாளைக்குப் போட்டுக்குங்க அம்மா, இது உங்க பேரப்பிள்ளைக்காக" என்று பொறுமையாகச் சொல்லும் ஒரு செவிலியரும் இருக்க வேண்டும்.